சின்னக் கட்சியின் செலவை யார் பார்ப்பது?

வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர் தருமபுரியில் வரிக் கணக்கு ஆலோசகர். பல தேர்தல்களில் சிறிய கட்சி வேட்பாளர்களுக்கும் சுயேச்சைகளுக்கும் செலவுக் கணக்கு எழுதிக் கொடுத்தவர்.)

கேள்வி: எங்கள் பக்கம் சின்னக் கட்சியில் யாராவது நின்றால், "இவரை எந்தப் பெரிய கட்சி காசு கொடுத்து நிறுத்தியிருக்கிறது?" என்றுதான் முதலில் பேசுகிறார்கள். நல்ல மனிதராக இருந்தாலும் இந்தப் பேச்சு அவரை விடுவதில்லை. இது நியாயமா அக்கா?
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: நியாயமில்லை தங்கச்சி. ஆனால் அந்தச் சந்தேகம் சும்மா வரவில்லை. எதிராளியின் பெயரிலேயே இன்னொருவரைத் தேடிப் பிடித்து மனு போட வைப்பதும், ஓட்டைப் பிரிக்க ஆள் நிறுத்துவதும் நெடுநாளாக நடப்பதுதான். கொள்கைக்காகக் கட்சி நடத்துகிறவரையும் ஊர் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிடுகிறது.

என் மேஜைக்கு வந்த கணக்குகளில் நான் பார்த்தது வேறு. ஒருவர் கறவை மாட்டை விற்றார். ஒருவர் மனைவியின் செயினைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தார். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்த ஊர்ப் பையன்கள் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று போனிலேயே அனுப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் அனுப்பியவர் பெயரைக் கேட்டு வாங்கி எழுதியிருக்கிறேன்.

அந்தப் பணம் எப்படிக் கணக்கில் ஏறுகிறது என்று சொல்கிறேன். மனு கொடுக்கும்போது வேட்பாளருக்கு ஒரு செலவுப் பதிவேடு தருவார்கள். வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, ரோஸ் தாளில் ரொக்கம், மஞ்சள் தாளில் வங்கிக் கணக்கு. பிரசாரம் நடக்கும்போதே மூன்று முறை அதைத் தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் தரப்பிடம் காட்ட வேண்டும். அவர்கள் கையில் நிழல் பதிவேடு ஒன்று தனியாக இருக்கும். வீடியோ எடுக்கும் குழு பார்த்ததெல்லாம் அதில் ஏறும். டீ, வடை, நாற்காலி, சாமியானா, மைக் செட், கொடி, சால்வை என்று எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் போட்டுவிடுவார்.

என்னிடம் வந்த ஒரு வேட்பாளர் சந்தை கூடும் ஊரில் தெருமுனைக் கூட்டம் போட்டார். நாற்காலி ஊர்ப் பொதுவில் உள்ளது, வாடகை கிடையாது. மைக் செட் கட்சிக்காரரின் சொந்தக் கடையிலிருந்து வந்தது. சாப்பாடு இன்னொரு கட்சிக்காரர் வீட்டில் ஆக்கிய தக்காளிச் சோறு. அவர் எழுதிக்கொண்டு வந்ததில் டீச் செலவும் நோட்டீஸ் அச்சுக்கூலியும் மட்டும்தான் இருந்தன. நிழல் பதிவேட்டிலோ நாற்காலிகளின் எண்ணிக்கை முதற்கொண்டு இருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் மதிப்புப் போட்டிருந்தார்கள். சும்மா கிடைத்ததற்கும் மதிப்புப் போட்டு எழுத வேண்டும் என்பதுதான் விதி. நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அதே வாரம் அதே மைதானத்துக்கு ஒரு பெரிய கட்சித் தலைவர் வந்தார். மேடை, விளக்கு, பெரிய திரை, வந்து போக வண்டிகள். வேட்பாளர் கூட்டப் பந்தலில் இருந்தாலோ, பேனரில் அவர் பெயரோ படமோ இருந்தாலோ கூட்டச் செலவு அவர் கணக்கில் ஏற வேண்டும். அதனால் அந்த மேடையில் எங்கும் வேட்பாளர் பெயர் இல்லை. அவர் பந்தல் பக்கமே வரவில்லை. எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டது. தக்காளிச் சோற்றுக்கு இருந்த கணக்கு அந்த மேடைக்கு வேட்பாளர் பதிவேட்டில் இல்லை, அவ்வளவுதான். "யார் காசு?" என்ற கேள்வியை உங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேரிடமும் கேட்கட்டும்.

கேள்வி: நாடாளுமன்றத் தொகுதிக்கு 95 லட்சம், சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் என்று வரம்பு இருக்கிறதே. அப்படியிருந்தும் தேர்தலில் கோடி கோடியாகச் செலவாகிறது என்கிறார்கள். வரம்பு எதற்கு?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

பதில்: நீங்கள் சொன்ன தொகைகள் சரி. 2022 ஜனவரியில் உயர்த்தினார்கள். அதற்கு முன் 77 லட்சமும் 30.8 லட்சமும் இருந்தது. இந்த வரம்பு வேட்பாளருக்கு மட்டும். கட்சிக்கு வரம்பே கிடையாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பதில் முக்கால்வாசி இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இது இப்படியே இருந்துவிட வேண்டிய விஷயமாக இருக்கவில்லை. 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காக அவருக்குத் தெரிந்து கட்சி செய்யும் செலவும் வேட்பாளர் செலவுதான் என்று சொன்னது. பெரிய கட்சிக்குப் பணம் வருகிறது என்பதற்காக அதன் வேட்பாளருக்குக் கூடுதல் வாய்ப்புக் கிடைக்கக் கூடாது என்ற கவலை அந்தத் தீர்ப்பிலேயே இருந்தது. அதே ஆண்டு அவசரச் சட்டம் போட்டு, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-வது பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்து, கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவை வேட்பாளர் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2003-ல் அந்த விளக்கத்தை மாற்றினார்கள். அதன்படி நட்சத்திரப் பேச்சாளர்களின், அதாவது கட்சி பட்டியல் கொடுத்து ஊர் ஊராக அனுப்பும் தலைவர்களின், பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. போதிய ஓட்டோ இடமோ வாங்கி அங்கீகாரம் பெற்ற கட்சி 40 நட்சத்திரப் பேச்சாளர்களை வைத்துக்கொள்ளலாம். பதிவு மட்டும் செய்த கட்சிக்கு 20. ஹெலிகாப்டர் யாருக்கு வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

இதோடு டிவி விளம்பரம், நாளிதழின் முதல் பக்கம் முழுக்கத் தலைவர் படம் என்று எத்தனையோ இருக்கிறது. வேட்பாளர் பெயர் இல்லாதவரை அது கட்சியின் பொதுச் செலவு. சின்னக் கட்சிக்கு அப்படி ஒரு பொதுச் செலவே இருக்காது. அதன் செலவெல்லாம் வேட்பாளர் பெயரில்தான் நடக்கும். ஆக வரம்பு இறுக்கிப் பிடிப்பது சின்னவரைத்தான். வாக்காளருக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அது எந்தக் கணக்கிலும் வராத குற்றம். அதற்காகவே 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களையும், 2019-ல் வேலூர் தேர்தலையும் ரத்து செய்தார்கள்.

கேள்வி: தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே. இனி சின்னக் கட்சிகளுக்கு நல்ல காலமா?
– மாங்கூழ் ஆலையில் வேலை செய்பவர், காவேரிப்பட்டணம்

பதில்: தேர்தல் பத்திரம் என்பது கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுத்த பத்திரம். 2024 பிப்ரவரி 15-ம் தேதி வந்த அந்தத் தீர்ப்பு பெரிய விஷயம். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வாக்காளருக்கு உரிமை உண்டு என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள். 2018 முதல் விற்ற பத்திரங்கள் ஏறத்தாழ 16,518 கோடி ரூபாய். அதில் பெரும்பங்கு பாஜகவுக்குப் போனது. திமுக தனக்கு 656.5 கோடி வந்ததாகவும், அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்ததாகவும் கணக்குக் கொடுத்தது. அதிமுகவுக்கு வந்தது சுமார் 6 கோடி. பத்திரமே வேண்டாம் என்று வழக்குப் போட்டவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று.

பலர் கவனிக்காத ஒன்று: கடைசியாக நடந்த நாடாளுமன்ற அல்லது சட்டமன்றப் பொதுத்தேர்தலில் 1 சதவீத ஓட்டாவது வாங்கியிருந்தால்தான் ஒரு கட்சி பத்திரத்தை வாங்கிக்கொள்ள முடியும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். புதிதாகத் தொடங்கியவருக்குக் கதவே இல்லை. அந்தத் தடை இப்போது போய்விட்டது. ஆனால் பெரிய கம்பெனிகள், நன்கொடை வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகவும் நேரடியாகவும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆட்சிக்கு வரக்கூடியவருக்குத்தான் கம்பெனிக்காரர் கொடுப்பார். 1967-லிருந்து 2021 வரை தமிழ்நாட்டில் நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி திமுகவுக்கோ அதிமுகவுக்கோதான் போனது. அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது ஒருவருக்கு செக் எழுத எத்தனை முதலாளிக்கு மனம் வரும்?

கேள்வி: 2019-ல் திமுக தன் கூட்டணியில் இருந்த கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கு 25 கோடி கொடுத்ததாகச் செய்தி வந்தது. உண்டியல் குலுக்கிக் கட்சி நடத்தியவர்கள் வாங்கலாமா? மனசு ஆறவில்லை.
– பழைய தோழர், தேன்கனிக்கோட்டை

பதில்: செய்தி உண்மை. திமுகவே தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்த செலவுக் கணக்கில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசிய கட்சிக்கு 15 கோடி என்று இருந்தது. கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள் என்பதை முதலில் மதிக்க வேண்டும். எழுதாமல் கைமாறுகிற இடங்களில் நாம் இப்படிப் பேசக்கூட முடியாது.

தோழரே, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. கூடவே ஒரு கணக்கையும் பாருங்கள். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஏறக்குறைய முந்நூறு பூத். பூத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று மிகக் குறைவாக வைத்தாலும், ஏஜென்டுக்குச் சாப்பாடு, டீ, வெளியே சிலிப் கொடுப்பவருக்குக் கைச்செலவு என்று ஓட்டுப்போடும் அந்த ஒரு நாளைக்கே மூன்று லட்சம். நாடாளுமன்றத் தொகுதி என்றால் அதைப் போல ஆறு மடங்கு. தளியிலிருந்து அஞ்செட்டி வரை மலைக் கிராமங்களுக்கு வண்டி வாடகை தனி. பூத்தில் ஏஜென்ட் இல்லாவிட்டால் எத்தனை ஓட்டுப் பதிவானது என்று எழுதிக் கொடுக்கும் 17சி படிவத்தின் நகல்கூட உங்கள் கைக்கு வராது. உண்டியலில் இவ்வளவு சேர்க்க வருடம் முழுக்க வீடு வீடாகப் போக வேண்டும். அப்படிப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான் பெரிய கட்சியின் பணம் வந்து உட்காருகிறது.

வாங்கினால் வாய் அடைத்துவிடும் என்பது எப்போதும் உண்மையுமில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, கூட்டணிக்குள் இருந்த இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஓசூர் தொழிலாளர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். என் வருத்தம் வேறு. அந்தப் பணம் போனது ஓட்டுப் போடும் முன்பே மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேர்தல் முடிந்த பிறகு 90 நாளுக்குள் கட்சிகள் கொடுக்கும் கணக்கில் அதைப் படிப்பதால் வாக்காளருக்கு என்ன பயன்?

கேள்வி: டெபாசிட் தொகை எவ்வளவு? எப்போது போகும்?
– கல்லூரி மாணவர், ஊத்தங்கரை

பதில்: சட்டமன்றத்துக்கு ரூ.10,000, நாடாளுமன்றத்துக்கு ரூ.25,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் போய்விடும். 1996-ல் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்ட மொத்தமாக மனுப் போட்டு, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. அப்போது சட்டமன்ற டெபாசிட் வெறும் 250 ரூபாய். அதே ஆண்டு 5,000 ஆக்கினார்கள், பிறகு 10,000.

கேள்வி: நான் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். எனக்குப் பிடித்த ஒரு சின்னக் கட்சிக்கு என்னால் ஆனதைக் கொடுக்க நினைக்கிறேன். வில்லங்கம் எதுவும் வருமா மேடம்?
– வியாபாரி, பாலக்கோடு

பதில்: வராது ஐயா, தாராளமாகக் கொடுங்கள். இப்படி ஒரு கேள்வி வந்ததே எனக்கு மகிழ்ச்சி.

கட்சிக்கு ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் என்றால் செக், வங்கிப் பரிமாற்றம், யுபிஐ. ரசீது கட்டாயம் வாங்குங்கள். வருடத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் உங்கள் பெயரைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, நேர்மையாகக் கொடுப்பவர் பெயர் வெளியே தெரிவதில் என்ன கூச்சம்? பழைய வரி முறையில் இருந்தால் கொடுத்த முழுத் தொகைக்கும் வரிக்கழிவு உண்டு. புதிய முறையைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கிடையாது. ரொக்கத்துக்கு எந்த முறையிலும் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. "செக் கொடுங்கள், கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம், உங்களுக்கு வரி மிச்சம்" என்று சொல்லிக்கொண்டு வரும் பெயர்ப்பலகைக் கட்சிகள் உண்டு. 2022 செப்டம்பரில் வருமான வரித்துறை நாடு முழுக்க இப்படிப்பட்ட கட்சிகளில் சோதனை போட்டது. அதில் மாட்டினால் வரியோடு அபராதமும் சேர்ந்து வரும். இவர்களால் உண்மையான சின்னக் கட்சிகளின் பெயரும் கெடுகிறது. எனக்கு இவர்கள் மேல் உள்ள கோபம் பெரிய கட்சிகள் மேல் இல்லை.

இன்னொன்று, தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது மண்டிப் பணத்தோடு ராயக்கோட்டைப் பக்கம் போனால் பறக்கும் படை நிறுத்தும். 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் கொள்முதல் பில், விற்றுமுதல் சீட்டு, வங்கியில் எடுத்த சீட்டு எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: சின்னக் கட்சிகள் ஏன் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்கின்றன? தன்மானம் இல்லையா?
– ஆசிரியை, அரூர்

பதில்: தன்மானத்தைவிடச் செலவுதான் இதில் பெரிய காரணம் டீச்சர். உதயசூரியனையோ இரட்டை இலையையோ மக்களிடம் அறிமுகப்படுத்த ஒரு ரூபாய் செலவில்லை. தற்காலிகமாகக் கிடைக்கும் சின்னத்தை மூன்று வாரத்துக்குள் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோக வேண்டும். நாம் தமிழர் கட்சிக்கு 2024-ல் கரும்பு விவசாயி சின்னம் கிடைக்கவில்லை. முதலில் கேட்ட வேறொரு கட்சிக்குப் போய்விட்டது. மைக் சின்னத்தை வைத்துக்கொண்டு எல்லாச் சுவரையும் மறுபடி எழுத வேண்டியிருந்தது. அப்படியும் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கி, ஒரு இடம்கூட ஜெயிக்காமலேயே மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றது. அதே தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் சிதம்பரத்திலும் விழுப்புரத்திலும் பானையில் நின்று ஜெயித்து அங்கீகாரம் வாங்கினார்கள். 2019-ல் திருமாவளவன் அதே பானையில் சிதம்பரத்தில் ஜெயித்தது 3,219 ஓட்டில்தான். சொந்தச் சின்னத்தில் நிற்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று அந்த எண்ணைப் பார்த்தால் தெரியும்.

துணியாதவர்களுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2025-ல் தேர்தல் ஆணையம் ஆறு ஆண்டுகளாகத் தேர்தலில் நிற்காத கட்சிகளைப் பதிவிலிருந்து நீக்கியது. ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474. செப்டம்பர் பட்டியலில் மனிதநேய மக்கள் கட்சியும் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சியும் இருந்தன. இரண்டுக்கும் அப்போது சட்டமன்றத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் 2021-ல் உதயசூரியனில் நின்றவர்கள். சட்டத்தின் பார்வையில் திமுக உறுப்பினர்கள். பெரிய கட்சியின் சின்னத்தில் செலவில்லாமல் ஜெயித்ததற்கு, கட்சியின் பதிவையே விலையாகக் கொடுக்க வேண்டி வந்தது. எனக்கு இது மிகவும் வலித்தது. போலிக் கட்சிகளை நீக்கத்தான் வேண்டும். மக்களிடம் வேலை செய்கிற கட்சியையும் போலியையும் பிரித்துப் பார்க்கும் கண் அந்த விதிக்கு இல்லை.

கேள்வி: அமெரிக்காவிலும் இரண்டே கட்சிதான். அங்கே சின்னக் கட்சிக்கு அரசே பணம் கொடுக்கும் என்று படித்தேன். நம் ஊருக்கும் அது வரலாமே?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், கிருஷ்ணகிரி

பதில்: கொடுக்கும், ஆனால் ஒரு வாசல்படி இருக்கிறது தம்பி. அதிபர் தேர்தலில் 5 சதவீத ஓட்டு வாங்கிய கட்சிக்கு அடுத்த தேர்தலில் அரசுப் பணம் உண்டு. 1992-ல் ராஸ் பெரோ என்ற தொழிலதிபர் சொந்தப் பணத்தில் 6 கோடி டாலருக்கு மேல் கொட்டி, ஏறத்தாழ 19 சதவீத ஓட்டு வாங்கினார். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் அவையில் ஒரு ஓட்டுக்கூட அவருக்கு விழவில்லை. ஆனால் அந்த 19 சதவீதத்தால் 1996-ல் அவருக்கு சுமார் 2.9 கோடி டாலர் அரசுப் பணம் கிடைத்தது. அந்த முறை 8.4 சதவீதம் வாங்கினார். அதை வைத்து 2000-ல் அவருடைய சீர்திருத்தக் கட்சிக்கு 1.26 கோடி டாலர் வந்தது. பணத்தைப் பார்த்ததும் கட்சிக்குள் சண்டை வந்தது. வேட்பாளராக நின்ற பேட் புக்கானன் அரை சதவீதம்கூட வாங்கவில்லை. கதை அங்கே முடிந்தது.

அதே 2000-ல் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நாடர், அடுத்த தேர்தலுக்குப் பணம் கிடைக்க 5 சதவீதம் வேண்டும் என்று சொல்லியே ஓட்டுக் கேட்டார். 2.7 சதவீதம்தான் வந்தது. புளோரிடாவில் அவருக்கு 97,488 ஓட்டு. அங்கே புஷ் ஜெயித்த வித்தியாசம் 537. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. டிவி விவாதத்தில் உட்காரக் கருத்துக்கணிப்பில் 15 சதவீதம் வேண்டும் என்ற விதியும் அந்த ஆண்டு முதல் வந்தது. டிவியில் வராமல் 15 சதவீதம் எப்படி வரும்?

எனக்குப் பிடித்தது ஜெர்மனி வழி. அங்கே நாடாளுமன்றத்தில் இடம் பெற 5 சதவீதம் வேண்டும், ஆனால் அரசுப் பணத்துக்கு அரை சதவீதம் போதும். வாங்கிய ஓட்டுக்கும், மக்களிடம் சேர்த்த சிறு நன்கொடைக்கும் சேர்த்துக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள். மக்களிடம் போய்ச் சேர்த்தால்தான் அரசும் கொடுக்கும். நம் நாட்டில் 1998-ல் இந்திரஜித் குப்தா குழு, அரசு தேர்தல் செலவுக்குப் பணமாக இல்லாமல் பொருளாக உதவலாம், அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டும் என்று சொன்னது. எவ்வளவோ நேர்மையான மனிதர் தலைமையில் வந்த அறிக்கை. ஆனாலும் அந்த "மட்டும்" எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே அங்கீகாரம் உள்ளவருக்குத்தான் வாக்காளர் பட்டியல் இலவசம், வானொலியில் இலவச நேரம், மனுவுக்கு ஒரு முன்மொழிபவர் போதும். மற்றவருக்குப் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். உதவி யாருக்கு அதிகம் வேண்டுமோ அவரை வெளியே நிறுத்திவிட்டு உதவித் திட்டம் போட்டு என்ன பயன்? 1 சதவீத ஓட்டிலிருந்தாவது தொடங்கட்டும். கட்சியின் மொத்தச் செலவுக்கும் உச்சவரம்பு வரட்டும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் பலன்.

கேள்வி: ஜெயிக்காத கட்சிக்குப் போடும் ஓட்டு வீண்தானே?
– இல்லத்தரசி, பர்கூர்

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது அம்மா. 2021-ல் கிருஷ்ணகிரித் தொகுதியில் அதிமுக ஜெயித்தது 794 ஓட்டில். மூன்றாவது, நான்காவது வந்தவர்களின் ஓட்டு அதைவிட அதிகம். அந்த ஓட்டுகளுக்காக இரண்டு பெரிய கட்சிகளும் என்ன கொடுக்கத் தயாராக இருக்கும் என்று யோசியுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் 2010 பென்னாகரம் இடைத்தேர்தலில் பாமக தனியாக நின்று இரண்டாவது வந்தது. அதிமுக மூன்றாவது வந்து டெபாசிட் இழந்தது. அடுத்த ஆண்டு கூட்டணிப் பேச்சு நடந்தபோது அந்த எண்ணை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் தனியாக நிற்பதன் விலையையும் மறைக்கக் கூடாது. 2016-ல் பாமக தமிழ்நாடு முழுக்கத் தனியாக நின்று 5 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, ஒரு இடமும் இல்லை. முதல்வர் வேட்பாளர் அன்புமணியே பென்னாகரத்தில் தோற்றார். 2021-ல் அதிமுக கூட்டணியில் 4 சதவீதத்துக்கும் குறைவாக வாங்கி ஐந்து இடம் ஜெயித்தது. தருமபுரியும் பென்னாகரமும் அதில் சேர்த்தி. தேமுதிகவும் 2006-ல் தனியாக 8 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஒரே இடம், 2011-ல் கூட்டணியில் அதைவிடக் குறைந்த சதவீதத்தில் 29 இடம். ஓட்டு வீணாகவில்லை. அது இடமாக மாறுகிற வழி பெரிய கட்சியின் வாசல் வழியாகப் போகிறது. அந்த வழியை மாற்றத்தான் நானும் இத்தனை பதில் எழுதுகிறேன். நீங்கள் நம்புகிறவருக்கே போடுங்கள்.

கேள்வி: அடுத்த தேர்தலில் எங்கள் கட்சி வேட்பாளருக்கு நான்தான் கணக்குப் பார்க்க வேண்டும். கணக்குப் படிப்பு கிடையாது, மளிகைக்கடை நடத்துகிறேன். எங்கே தொடங்குவது?
– கட்சி உறுப்பினர், போச்சம்பள்ளி

பதில்: மளிகைக்கடைக்காரருக்கு இது வரும், தைரியமாக இருங்கள். மனு கொடுப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்குங்கள். வருகிற எல்லாப் பணமும், வேட்பாளரின் சொந்தப் பணம் உட்பட, முதலில் அதில் விழ வேண்டும். ஒரே ஆளுக்கு அல்லது கடைக்கு மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் போகுமானால் ரொக்கம் கூடாது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நோட்டீஸ் கொடுத்தால் அச்சகத்தின் பெயர், முகவரியும் வெளியிட்டவரின் பெயர், முகவரியும் நோட்டீஸில் இருக்கிறதா என்று பாருங்கள். அன்றன்று ராத்திரி எழுதிவிடுங்கள். மூன்று நாள் சேர்த்து எழுதினால் வண்டி வாடகை எங்கே போனது என்று யாருக்கும் நினைவிருக்காது. இரவலாக வாங்கியதை மறைக்காமல் விலைப்பட்டியல்படி எழுதுங்கள்.

ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். தோற்ற வருத்தத்தில் பதிவேட்டை வீட்டிலேயே போட்டுவிட்டு, பிறகு மூன்று ஆண்டு தேர்தலில் நிற்க முடியாமல் தகுதி இழந்தவர்கள் உண்டு. கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கம் கூட்டல் உதைத்தால் பதிவேட்டையும் பில்களையும் எடுத்துக்கொண்டு தருமபுரிக்கு வாருங்கள், உட்கார்ந்து சரிபார்த்துவிடலாம். எந்தக் கட்சி என்று கேட்க மாட்டேன்.